போஸ்டரில் இருக்கும் ஊருக்கு ஒரு பயணம்

சினிமாவில் சண்டை போடுகிறவனுக்குப் பயணக் கட்டுரை எதற்கு என்று கேட்பீர்கள். என் படங்களைப் பார்த்துவிட்டு, உத்திரமேரூர்ப் பக்கம் சிலம்பம் பார்க்க எப்படிப் போவது என்று ஆளாளுக்கு விசாரிக்கிறார்கள். போஸ்டரில் என் பெயரே 'உத்திரமேரூர் முனிரத்தினம்'தானே. இந்த மாசித் திருவிழாவுக்குப் போய்வந்த கதையைச் சொல்கிறேன், வழியும் தெரிந்துவிடும்.

எழும்பூரில் காலை ஆறு மணிக்கு ரயில் ஏறி, செங்கல்பட்டில் காஞ்சிபுரம் வண்டிக்கு மாறி, பழையசீவரத்தில் இறங்கினேன். பாலாற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். மாசியில் தண்ணீரைவிட மணல்தான் அதிகம், நடந்தே கடக்கலாம். ஸ்டாராயிற்றே என்று பளபளக்கும் பூட்ஸோடு இறங்கிய நான், உள்ளே அரைப்படி மணலோடு கரையேறினேன். நீங்கள் செருப்போடு போங்கள்.

அக்கரையில் என்னை உத்திரமேரூருக்குக் கூட்டிப்போக மாட்டுவண்டியோடு அந்தோணி நின்றிருந்தான். இருவரும் சிறு வயதிலிருந்து ஒரே களத்தில் கம்பு சுற்றியவர்கள். நான் கோடம்பாக்கம் வந்துவிட்டேன், அவன் ஊரிலேயே கழனி வேலைக்குப் போகிறான். என்னை அவன் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. வண்டியில் ஏறியதும் அதைத்தான் முதலில் நினைவூட்டினேன்.

"அதெல்லாம் அப்போ. உன் படத்த டெண்டு கொட்டாய்ல பாத்தோம். கம்பு ஒருத்தன் மேலயும் படவேயில்ல. ஊரே சிரிச்சிக்கினு கீது."

"அது தொழில்டா. பட்டா ஆளு ஆஸ்பத்திரிக்குப் போவான்."

"இன்னா தொழிலோ. நாளைக்குக் களத்துல என்னாண்ட தோத்தா, போஸ்டர்ல ஊரு பேர எடுத்துடு. சம்மதமா?"

சம்மதம் என்றேன். வீராப்பாகச் சொல்லிவிட்டுப் பிறகுதான் யோசித்தேன். அந்த ஊர்ப் பெயரை எடுத்துவிட்டால், மெட்ராஸில் கம்பு தூக்கும் பத்து முனிரத்தினங்களில் நானும் ஒருவன்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கம்பின் நுனியில் ஈரத்துணி சுற்றிக் கரைத்த அடுப்புக்கரியில் தோய்ப்பார்கள். ஆடுகிற இருவருக்கும் வெள்ளை பனியன். எதிராளி மேல் முதலில் மூன்று கறை வைப்பவன் ஜெயித்தவன். தோற்றவன் ஜெயித்தவனின் கம்பை அவன் வீடுவரை சுமக்க வேண்டும்.

மறுநாள் சாயங்காலம் களத்தில் இறங்கினேன். அந்தோணியின் தோளுக்கு வீசினேன். கம்பு ஒரு சாண் முன்னாலேயே நின்றது. மறுபடி வீசினேன், மறுபடி நின்றது. கேமரா முன் வருஷக்கணக்காகப் பழகிய கை, ஆளைத் தொடமாட்டேன் என்றது. அதற்குள் அவன் இரண்டு கறை வைத்துவிட்டான். அடுத்து என் விலாவுக்கு வீசினான். பார்த்தால் நான் துள்ளி, உருண்டு, தரையில் கிடக்கிறேன்.

அந்தோணி கம்பை இறக்கிவிட்டு என் பனியனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். புதிதாகக் கறை இல்லை.

"இன்னாத்துக்குப்பா வுழுந்த? என் கம்பு படவேயில்லயே."

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் மண்ணில் கிடந்தபோதுதான் மூளை வேலை செய்தது. ஒரே நாளில் கையைத் திருத்த முடியாது. காலைத் திருத்தலாமே. எழுந்து, வழக்கமாக நிற்கிற இடத்தைவிட ஒரு சாண் முன்னால் போய் நின்றேன். அதன்பிறகு கை எங்கே நின்றதோ, அங்கே அந்தோணி இருந்தான். தோளில் ஒன்று, விலாவில் ஒன்று, கடைசியாக நெஞ்சில் ஒன்று.

என் கம்பைச் சுமந்துகொண்டு வந்த அந்தோணி வாசலில் நின்று, "பேரு இருக்கட்டும். ஆனா அடிபடாம வுழுறத மெட்ராஸோட வச்சிக்கோ" என்றான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

போகிறவர்களுக்கு: முன்வரிசையில் உட்காராதீர்கள், கரி தெறித்தால் சட்டை போச்சு. திரும்பும்போது உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுக்கு பஸ் இருக்கிறது, ஆற்றில் இறங்க வேண்டாம்.

திங்கட்கிழமை ஸ்டூடியோவில் முதல் ஷாட்டே கம்புச் சண்டை. வில்லனாக நடிப்பவரை ஒரு சாண் பின்னால் தள்ளி நிற்கச் சொன்னேன். எதற்கு என்று டைரக்டர் கேட்டார்.

"கை மெட்ராஸுக்கு வந்துடுச்சி சார்" என்றேன். "காலு இன்னும் ஊர்லதான் கீது."