பட்டினிப் பாத்தி

வெள்ளிமலைக்கு மேலே ஒரு சரிவில் குடியிருந்த தைலம்மாளை, "நவீன உர முறைகளைத் தயக்கமின்றி ஏற்ற முன்னோடி விவசாயி" என்று ஓர் அரசு அறிக்கை வர்ணிக்கிறது. தயக்கத்தைத் தவிர அவளிடம் வேறெதுவும் மிகுதியாக இருந்ததில்லை. யூரியா மூட்டையை வீட்டுக்குள் வைக்கவே விடவில்லை. மூத்திர வாடை அடிக்கிறதாம்.

1987இல் உர ஆய்வுக்கு வந்த அலுவலர் நாராயணசாமி அவளுடைய நெல்லைத் தேர்ந்தெடுத்தார். தேர்ந்தெடுக்க வேறு நெல்லும் இல்லை. அக்கம்பக்கமெல்லாம் மரவள்ளிக்கு மாறியிருந்தது. அவளுடையது ஆளுயரம் வளரும் பழைய மலைநெல், மழையை நம்பிப் புழுதியில் விதைப்பது. வீட்டிலிருந்த விதை முழுவதையும் அந்த ஒரே கொல்லை நிலத்தில்தான் விதைத்திருந்தாள்.

அவர் கயிறு கட்டிக் கொல்லையை மூன்று பாத்தியாகப் பிரித்தார். ஒன்றுக்கு முழு யூரியா, ஒன்றுக்குப் பாதி, ஓரத்துப் பாத்திக்கு ஒன்றுமில்லை.

"அது மட்டும் இன்னா சார் பாவம் பண்ணிச்சு?"

"போட்டதுக்கும் போடாததுக்கும் வித்தியாசம் தெரியணும்ல. ஒசரமான நெல்லும்மா இது. உரம் ஜாஸ்தியானா தழைச்சிக்கினு சாஞ்சாலும் சாஞ்சிடும். அப்பவும் ஓரத்துது நிக்கும், உனக்கு விதைக்கு ஆவும்."

முதல் உரத்தை அவரே போட்டார். இரண்டாவதற்கு மூட்டையை விட்டுவிட்டு, செப்டம்பரில் வருவதாகச் சொல்லிப் போனார். செப்டம்பரில் இடஒதுக்கீட்டுப் போராட்டம். சாலையெங்கும் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. நாராயணசாமி கள்ளக்குறிச்சியில் அறைக்குள் உட்கார்ந்திருந்தார். கீழே பங்கு கேட்டவர்களுக்குப் பங்கு இன்னும் கிடைத்தபாடில்லை. மேலே, வாய் திறந்து கேட்கத் தெரியாத ஒரு பாத்தி மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

கீழே மாட்டிக்கொண்டிருந்த கொழுந்தன் சடையன் நடந்தே மலையேறி வந்தான். கையோடு அலுவலரின் சேதி.

"மழை பெஞ்சதும் நீயே போட்டுடச் சொன்னாரு அண்ணி. ஓரத்துதைத் தொடக் கூடாதாம். திரும்பத் திரும்ப அதையேதான் சொன்னாரு."

"ரெண்டும் கறுகறுன்னு நிக்குது. இது காமாலை வந்தவ மாதிரி கீதே."

"பந்தியில ஒரு எலையை மட்டும் தாண்டிப் போவியா நீ? ஊரு சிரிக்கும்."

அவன் கேலிக்குத்தான் சொன்னான். அவள் பாத்தியையே பார்த்துக்கொண்டு நின்றாள். சடையனுக்கு உறைத்தது.

"அண்ணி, அது விதைக்குன்னு விட்டது."

"செத்துப் பூட்டா விதை எங்கேர்ந்து வரும்?"

மழை பெய்த மறுநாள் மூட்டை காலியானது. ஓரத்துப் பாத்தி பசி தீர்ந்த பிள்ளை மாதிரி மளமளவென்று எழுந்து மற்ற இரண்டையும் எட்டிப் பிடித்தது. ஐப்பசியில் காற்றோடு மழை வந்தபோது மூன்றும் ஒன்றாகச் சாய்ந்தன. கதிர் சேற்றில் கிடந்தது. பாதி பதர், மீதி கதிரிலேயே முளைத்துவிட்டது.

வழி திறந்து பல நாள் கழித்து நாராயணசாமி வந்து சேர்ந்தார். நிற்கும் பாத்தியைத் தேடினார்.

"எல்லாத்துக்கும்தான் போட்டேன் சார்," என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். மலையில் கொடுத்த யூரியாவை மிச்சமில்லாமல் செலவழித்தவள் அவள் ஒருத்திதான் என்பதால் அறிக்கையில் முன்னோடிப் பட்டம் அவளுக்கே போனது. பட்டத்தை விதைக்க முடியாது. தை மாதம் கரும்பு வெட்டும் ஆட்களோடு மூங்கில்துறைப்பட்டுக்கு இறங்கினாள். அடுத்த வருஷம் அந்தக் கொல்லையிலும் மரவள்ளி.

தைலம்மாள் புதிய முறை எதையும் ஏற்கவில்லை. இருந்த யூரியாவை மூன்று பாத்திக்கும் சமமாகப் பிரித்துப் போட்டாள்.