கன்னடம் பேசிய பெட்டி

இப்போதெல்லாம் பழைய ரேடியோப் பெட்டியைத் தேடி வாங்கி அலமாரியில் அழகுக்கு வைக்கிறார்கள். பாட வேண்டாமாம், பார்த்தால் போதுமாம். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அப்பா வாங்கி வந்ததும் பழைய பெட்டிதான். ஆனால் அதன் பேச்சைக் கேட்கத்தான் அத்தனை பாடு.

தர்மபுரியில் பழைய ரேடியோ விற்கும் பாய் ஒருவரிடம் வாங்கியது. பெங்களூரில் யாரோ வைத்திருந்ததாம். எட்டு நாள் வைத்துப் பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்பது பேச்சு. நல்லம்பள்ளிக்குக் கொண்டுவந்து குமிழைத் திருகினால் கன்னடம். இந்தப் பக்கம் திருகினாலும் கன்னடம், அந்தப் பக்கம் திருகினாலும் கன்னடம்.

"பெங்களூர்லயே கெடந்த பெட்டியில்ல, வேற என்னத்தப் பேசும்?" என்றார் அப்பா.

நானும் நம்பினேன். அம்மாவும் கர்நாடகப் பக்கம் பிறந்தவள்தான். கட்டிக்கொண்டு வந்த வருஷமே தமிழ் கற்றுக்கொண்டாளாம். பிள்ளைகள் பேச்சு கெட்டுவிடும், வீட்டில் கன்னடம் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அவளும் பேசியதில்லை. இந்தப் பெட்டிக்குத் தமிழ் வர எத்தனை நாளாகும் என்பதுதான் என் யோசனை. யாரும் பார்க்காதபோது அதற்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தேன்.

அந்த நாட்களில் அம்மா ராகி புடைக்கும் முறத்தோடு பெட்டிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வாள். அது ஏதோ சொல்லும், அவள் தனக்குள் சிரிப்பாள். என்ன சொல்லுச்சு என்று கேட்டால், "ஒண்ணுமில்ல, மழையப் பத்தி" என்பாள். மழையில் சிரிக்க என்ன இருக்கிறது?

எட்டாம் நாள் அப்பா பெட்டியைத் துண்டில் கட்டினார்.

"இருந்துட்டுப் போவட்டுங்க. அதுபாட்டுக்குப் பேசுது" என்றாள் அம்மா. அப்பாவிடம் அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும் கூடவே பஸ் ஏறினேன்.

"என்னாங்க பாய், பொழுதுக்கும் கன்னடந்தான். எங்க வூட்டுல ஒருத்தருக்கும் புரியல."

"அம்மாவுக்குப் புரியுமே" என்றேன். அப்பா முறைத்தார்.

"அப்பப் பெட்டிய அம்மாவுக்கே குடுத்துரு பாப்பா" என்று சிரித்தபடி பாய் பின்பக்கத்தைக் கழற்றினார். உள்ளே குமிழைத் திருகினால் ஸ்டேஷன் முள்ளை நகர்த்தும் நூல் அறுந்து கிடந்தது. "அதாங்க, நின்ன எடத்துலயே நின்னு பேசுது." புது நூல் கட்டித் திருகினார். தமிழ் வந்தது. நான் வாயைப் பிளந்தேன்.

அன்று சாயங்காலம் அப்பா தமிழ்ப் பாட்டு வைத்தார். அம்மா முறத்தோடு கொல்லைப்பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் அப்பா இல்லாத நேரம் பார்த்துக் குமிழைத் திருகினேன். முள் நகர நகர, பழைய கன்னடக் குரல் கேட்டது. அம்மா ஈரக்கையோடு ஓடிவந்து வாசற்படியில் நின்றாள். பெட்டியைக் கெடுத்துவிட்டேன் என்றுதான் ஓடிவருகிறாள் என்று எனக்குப் பயம். "இரும்மா, சரி பண்ணிட்டேன்" என்று அவசரமாகத் தமிழுக்குத் திருப்பினேன்.

அம்மா கொஞ்சநேரம் பெட்டியையே பார்த்தாள். "கெட்டிக்காரிதான் நீ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று முழுக்க எனக்குப் பெருமை தாங்கவில்லை.