வீட்டுத் தட்டுக்குப் பின்னால் ஒனீலியா

"தலையைச் சாய். இன்னும் கொஞ்சம். ம், இப்போ பேசு" என்கிறாள் ஒனீலியா. நாற்காலியில் மல்லாந்து, கழுத்தைப் பீங்கான் தொட்டிக்குக் கொடுத்துவிட்டுக் கிடப்பவர் தோன் பிர்ஹிலியோ, ஆலை அணியின் மேலாளர். நேற்றைய ஆட்டத்தில் அவள் கொடுத்த தீர்ப்பு ஒன்றுக்காகச் சண்டை போட வந்திருக்கிறார். வாயைத் திறக்கிறார். நெற்றியிலிருந்து நுரை இறங்குகிறது. மூடிக்கொள்கிறார். வெந்நீர் விட்டு, விரல் நுனியால் மண்டையை நன்றாகப் பிசைந்து, துண்டால் சுற்றி அவரை நிமிர்த்தும்போது பாதிக் கோபம் தண்ணீரோடு போய்விட்டிருக்கும். திங்கட்கிழமைகளில் அவளுடைய முடி அலங்காரக் கடைக்கு நியாயம் கேட்டு வரும் ஆண்கள் எல்லோருக்கும் இதே உபசாரம்தான். இந்தச் சர்க்கரை ஆலை ஊரில் ஆண்களின் தலை இவ்வளவு சுத்தமாக இருக்கிறதென்றால் அதற்குப் பேஸ்பால்தான் காரணம்.

மற்ற நாட்களில் பெண்களின் சுருட்டை முடியை நேராக்குவது அவள் வேலை. ஞாயிற்றுக்கிழமை ஊர் லீகில், மட்டைக்காரன் அருகே தரையில் பதித்த வீட்டுத் தட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயர். ஐம்பதை நெருங்குகிற, குட்டையான, அகன்ற உடம்பு. குனிந்து நின்றால் அசைக்க முடியாது. முகமூடி மாட்டுவதற்கு முன்னால் உதட்டுக்குச் சிவப்புச் சாயம் பூசிக்கொள்வாள். "உள்ள யாரு பாக்கப்போறா அக்கா?" என்று விடலைகள் கிண்டல் செய்தால், "பந்து பாக்குதில்ல, போதும்" என்பாள்.

அவள் அம்பயரானது வாயால்தான். முன்பு நின்ற அம்பயரைக் கம்பி வலைக்கு இந்தப் பக்கமிருந்து அவள் வறுத்தெடுத்ததில், மனிதர் ஒருநாள் முகமூடியைக் கழற்றி, "அவ்வளவு தெரிஞ்சா நீயே வந்து நில்லும்மா" என்று தரையில் வீசிவிட்டுப் போனார். வெயில் தாழ்ந்தால் திரும்பி வருவார் என்று ஊர் எதிர்பார்த்தது. ஒனீலியா காத்திருக்கவில்லை. முகமூடியை எடுத்து, உள்பக்க வியர்வையைப் பாவாடை ஓரத்தால் துடைத்து, மாட்டிக்கொண்டு போய் நின்றாள். அவர் வந்து பார்த்தபோது இடம் போய்விட்டிருந்தது.

மைதானத்தில் அவள் யாரிடமும் எதுவும் வாங்கிச் சாப்பிடமாட்டாள். காலையில் வீட்டில் வாழைக்காய் மசியலும் பொரித்த சலாமி இறைச்சியும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, தண்ணீரும் கொண்டு வந்துவிடுவாள். வெள்ளைக் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் அவளுக்கு உறவும் கிடையாது, ஊர்ப் பெயரும் கிடையாது. எல்லோரும் வெறும் பந்து பிடிக்கும் கேட்சர், எறியும் பிட்சர், அடிக்கும் பேட்டர். ஒருமுறை அவளுடைய புருஷனே மட்டையோடு வந்து, "அடுப்புல பீன்ஸை அணைச்சியா?" என்று காதருகே கேட்டிருக்கிறான். "பேட்டர், கோட்டுக்குள்ள நில்லு" என்றுதான் பதில் வந்தது. பீன்ஸ் அன்றைக்குக் கருகித்தான் போனது.

ஆலை அணியில் அவளுடைய அண்ணனும் ஆடுகிறான். பெயர் ரதாமெஸ், கரும்பு லாரி ஓட்டுகிறவன். அம்மா கடல் தாண்டி வீட்டு வேலைக்குப் போயிருந்த வருஷங்களில் தங்கைக்குத் தலை வாரிப் பின்னிப் பள்ளிக்கு அனுப்பியவன் அவன்தான். வகிடு ஒருநாளும் நேராக வந்ததில்லை. "அந்தக் கோணலைத் தாங்க முடியாமத்தான் இந்தத் தொழிலையே கத்துக்கிட்டேன்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். அவளுக்கு அவன்மேல் உயிர்.

ரதாமெஸுக்கு வாழ்க்கையில் பெரிய ஆசை ஒன்றுதான். வீட்டைத் திருட வேண்டும். பேஸ் எனப்படும் மூன்று முனைகளைச் சுற்றி வந்து வீட்டுத் தட்டைத் தொட்டால் ஒரு ஓட்டம். மூன்றாம் பேஸில் நிற்பவன் கூட்டாளி பந்தை அடிக்கும்வரை காத்திருக்காமல், பிட்சர் எறியத் தொடங்கும்போதே ஓட்டம் பிடித்து, பந்தை முந்திக்கொண்டு வீட்டுத் தட்டைத் தொட்டுவிடுவதற்கு அந்தப் பெயர். கொஞ்சம் பிந்தினாலும் கேட்சர் பந்தை வாங்கி உடம்பில் ஒற்றிவிடுவான், போனது மானம். ரதாமெஸ் வருஷக்கணக்காகக் கிளம்புவதும், பாதியில் தைரியம் விட்டுத் திரும்பிப் பேஸுக்கே பாய்வதுமாக இருந்தான். "ராத்திரிச் சாப்பாட்டுக்கே நேரத்துக்கு வீடு வந்து சேராத மனுசன், பந்துக்கு முன்னாடியா வந்துடப்போறாரு?" என்பாள் அவன் மனைவி. நாற்பது தாண்டி, முட்டியும் வீங்க ஆரம்பித்ததும், இந்த சீசனோடு சரி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டான்.

ஜனவரியில் துறைமுக அணியோடு இறுதி ஆட்டம். கோப்பையைக் கடைசியில் துறைமுகத்துக்காரர்கள்தான் கொண்டுபோனார்கள். அது தீர்ந்த கதை, இப்போது யாரும் பேசுவதில்லை. பேச்செல்லாம் ஒன்பதாவது சுற்றைப் பற்றித்தான். இரண்டு பக்கமும் சம ஓட்டம். ஆலை அணி ஆடுகிறது, ஒருவன் அவுட்; மூன்று பேர் அவுட்டானால் அவர்கள் சுற்று முடிந்தது. மூன்றாம் பேஸில் ரதாமெஸ். எறிகிறவன் இடக்கையன், எறிய நிற்கையில் மூன்றாம் பேஸுக்கு முதுகைக் காட்டுகிறவன். மட்டையோடு நின்றது நிக்காசியோ.

நிக்காசியோவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஊரிலேயே மரியாதைக்காரன். அவன் மகளுக்கு ரதாமெஸ் ஞானத்தகப்பன். இந்த ஊரில் ஞானஸ்நானத்தில் பிள்ளையை ஏந்தியவன் என்றால் கூடப்பிறந்தவனுக்கு ஒரு படி மேல். ரதாமெஸ் வந்தால் நிக்காசியோ நாற்காலியை விட்டு எழுவான், கதவருகே ஒதுங்கி அவனை முதலில் போகவிடுவான், அவன் ஸ்பூனை எடுக்காமல் இவன் எடுக்கமாட்டான்.

இடக்கையன் கைகளைத் தலைக்குமேல் தூக்கியதும் ரதாமெஸ் கிளம்பினான். இந்த முறை பாதியில் நிற்கவில்லை. ஒனீலியா ஓரக்கண்ணால் பார்த்தாள். வாய்க்குள் "ஓடு" என்று ஒரு சொல் தானாகப் புறப்பட்டது. பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். அண்ணன் வயிற்றால் சறுக்கி வருகிறான், பந்தும் வருகிறது. நிக்காசியோ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, தன் கோட்டுக்குள் மரம்போல நிற்பது. ஆனால் வருகிறது ஞானத்தகப்பன். அவனுக்கு முன்னால் குறுக்கே நிற்பது நிக்காசியோவின் உடம்புக்கே தெரியாத காரியம். சட்டென்று பின்னால் ஒதுங்கி வழிவிட்டான். பந்தை வாங்கிக்கொண்டு எழுந்த கேட்சர் அவன் தோளில் மோதினான். நிக்காசியோவைச் சுற்றிக் கையை நீட்டி ரதாமெஸைத் தொடுவதற்குள், ரதாமெஸின் விரல்கள் தட்டின்மேல் இருந்தன.

கூட்டம் வேலியைத் தாண்டிவிட்டது. மேளம் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். ரதாமெஸ் மண்ணில் கிடந்தபடியே தலையைத் தூக்கித் தங்கையின் கைகளைப் பார்த்தான். தப்பித்தவனுக்கு அம்பயர் இரண்டு கைகளையும் தரைக்கு இணையாக விரித்துக் காட்டுவார். அவள் கை விரியவில்லை. ஒரு கை நிக்காசியோவைச் சுட்டியது. "தடுப்பு!" மறு கை முஷ்டியாகி ரதாமெஸுக்கு மேலே உயர்ந்தது. "ரன்னர் அவுட்!"

மேளம் ஒவ்வொன்றாக நின்றது. முதலில் வந்து சேர்ந்தவர் தோன் பிர்ஹிலியோ.

"ஏம்மா ஒனீலியா, குறுக்க வந்தது நிக்காசியோ. ஓடி வந்தவன் எப்படிம்மா அவுட்டாவான்?"

"ரெண்டு பேர் அவுட்டாகியிருந்தா நிக்காசியோதான் அவுட். உங்க சுத்து அதோட முடிஞ்சிருக்கும். ஒருத்தன்தான் அவுட்டாகியிருக்கான். அதனால ரன்னர் அவுட், பேட்டர் திரும்ப நின்னு ஆடலாம். எப்படிப் பாத்தாலும் ரன் கிடையாது."

"ஒருத்தன் பண்ணதுக்கு இன்னொருத்தனுக்குத் தண்டனையா?"

"அப்படி இல்லேன்னா அவனவன் கூட்டாளிக்காகக் குறுக்க விழுவானே! இப்போ எவனாவது விழுவானா பாருங்க. காப்பாத்தப் போனா, யாரைக் காப்பாத்துறானோ அவன் தலைதான் உருளும்."

"ஊரே தோத்துப்போயிரும்மா."

"ஊர் ஒண்ணும் தோக்கல. நிக்காசியோ கையில மட்டை இருக்கு, அடிக்கச் சொல்லுங்க."

நிக்காசியோ அழுதுவிடுவான்போல நின்றான். "அக்கா, நான் தடுக்கவே இல்லக்கா. வழிதான் விட்டேன்."

"தெரியும். நீ ஒதுங்கின இடத்துல கேட்சர் நின்னுட்டிருந்தாரு."

கூட்டத்தில் ஒருவன் கத்தினான்: "சொந்த அண்ணனையே வித்துட்டா!" அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அவளுக்கு வலிக்கத்தான் செய்தது, ஆனால் சந்தேகம் மட்டும் எள்ளளவும் இல்லை. தோளும் தோளும் இடித்ததைக் கைநீட்டும் தூரத்திலிருந்து பார்த்தவள் அவள்.

ரதாமெஸ் இன்னும் எழுந்திருக்கவில்லை. குப்புறக் கிடந்தபடி, விரல்களைத் தட்டைவிட்டு எடுக்காமல், ரகசியம்போலக் கேட்டான்.

"ஒனி, ரன் போனாப் போகட்டும். ஒண்ணு மட்டும் சொல்லு. அவன் நகராம இருந்திருந்தா?"

"நகந்தான்."

"நகராம இருந்திருந்தா, நான் வந்து சேந்திருப்பேனா?"

அவளுக்கு விடை தெரியும். நிக்காசியோ கல்லாக நின்றிருந்தாலும் கேட்சரின் கை வந்து சேருவதற்குள் இந்த விரல்கள் தட்டைத் தொட்டிருக்கும். ஒரு விரல் அகலம் முன்னால். அது அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் தடுத்தானா இல்லையா என்பதைத்தான் அம்பயர் சொல்ல வேண்டும். தடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அவளைக் கேட்கக் கூடாது, அவளும் சொல்லக் கூடாது. இப்போது அதைச் சொன்னால், பாதி ஊர் அதைப் பிடித்துக்கொண்டு சாயங்காலம்வரை தொங்கும்.

"ரன்னர், எழுந்திரு. ஆட்டம் நிக்குது."

அவன் முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, பக்கத்தில் உருண்டு கிடந்த ஹெல்மெட்டை எடுக்கக் குனிந்தான். தோன் பிர்ஹிலியோ இன்னும் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். ஒனீலியா மைதானத்துக்கு முதுகைக் காட்டி, அண்ணனுக்கு எதிரில், தட்டருகே குந்தினாள். அம்பயர் தட்டைச் சுத்தம் செய்யக் குனிந்துவிட்டால் வாதம் முடிந்தது, இனி யார் பேசினாலும் காற்றோடு போகும். அது தோன் பிர்ஹிலியோவுக்கும் தெரியும். முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார்.

தட்டின்மேல் செம்மண்ணில் அண்ணனின் விரல் பதிந்த தடம் அப்படியே இருந்தது. தூசி தட்டுகிற பிரஷ் அவள் இடுப்புப் பையில்தான் இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. எதிரே குனிந்திருந்தவனின் கண் தன் கையில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு இரண்டு உள்ளங்கைகளையும் கவிழ்த்துத் தட்டின் நடுவில் சேர்த்து வைத்து, தரையோடு தரையாக, இரண்டு பக்கமும் மெல்ல விரித்தாள்.