எந்தக் குழாயில் பிடித்தது?

மேகலா அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு நம் கிணற்றுத் தண்ணீர் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. அப்போது நான் அவருடைய வீடியோ ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஏதாவது தப்பு கிடைக்குமா என்று தேடிக்கொண்டிருந்தேன். செய்தியைப் படித்த பிறகும் வீடியோ ஓடிக்கொண்டே இருந்தது. வாளியில் பிளீச்சிங் பவுடரைக் கலக்கிக்கொண்டு, "கட்டியில்லாம கரைங்க. தோசை மாவுக்குக் காட்டுற அக்கறையில பாதி போதுமுங்க" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்ன வயதிலிருந்தே இதயத்தில் கோளாறாம். நம்மில் ஒருவருக்கும் தெரியாது. என்னைவிட மூன்றே வயது மூத்தவர்.

குழுவுக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். நாமக்கல்லில் கோழிப்பண்ணைத் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகம் ஒன்றில் அக்கா வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தோட்டத்து வீடுகளுக்குப் போவார். கெட்டுப்போன கிணற்றையும் போர்வெல்லையும் மறுபடி குடிக்கிற நிலைக்குக் கொண்டுவருவார். அதைப் போனில் எடுத்துப் போடுவார். நானும் அப்படி வீடியோ போடுகிறவன்தான். கல்லூரியைப் பாதியில் விட்டவன். தெரிந்ததெல்லாம் போனில் பார்த்துத் தெரிந்துகொண்டது, பெரும்பாலும் அவருடைய வீடியோக்களில். இதை இதுவரை எங்கேயும் ஒப்புக்கொண்டதில்லை.

எனக்கு அவர்மேல் பொறாமை. இதைச் சொல்லாமல் அவரைப் பற்றி ஒரு வரிகூட என்னால் நேர்மையாக எழுத முடியாது. நான் ஸ்டாண்டு வைத்து, சட்டையில் மைக் குத்திக்கொண்டு பேசுவேன். அவர் வீடியோவில் பாதி நேரம் காற்று இரைச்சல்தான் கேட்கும். ஆனால் என் வீடியோவுக்குக் கீழேயே வந்து, "தம்பி, மேகலா அக்கா நம்பர் இருந்தா போடுங்க" என்று எழுதுவார்கள். நானும் போடுவேன். போட்டுவிட்டு அன்று முழுவதும் யாரிடமும் பேசமாட்டேன்.

அடக்கத்தன்று அவர் வீட்டு வாசலில் எடப்பாடியிலிருந்து வந்த தறிக்காரர் ஒருவர் அழுதுகொண்டிருந்தார். "எங்க ஊட்டுக்கு நாலு தடவ வந்துச்சுங்க அந்தப் புள்ள. ஒருக்கா வந்தப்ப தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்காம, சுவத்துல கரிக்கட்டையில எழுதிக் காட்டிட்டுப் போச்சு. இன்னும் அழிக்கலீங்க" என்றார். பக்கத்திலிருந்தவர் தன் ஊட்டுக்கு ஆறு தடவை என்றார். எங்கள் வீட்டுக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் வந்தார். அதுவும் நான் கூப்பிட்டு அல்ல.

எங்கள் வீடு மல்லசமுத்திரம் பக்கம், தோட்டத்துக்குள். ஒரு கிணறு, ஒரு கோழிக் கொட்டகை. போன மழையில் கிணறு மேல்மட்டம் வரை நிறைந்து கலங்கியது. என் அக்கா சுகன்யாவும் அவளுடைய இரண்டு வயதுப் பாப்பாவும் அப்போது எங்களோடு இருந்தார்கள். பாப்பாவுக்கு வயிற்றுப்போக்கு நிற்கவே இல்லை. தண்ணீர்தான் காரணம், கொதிக்க வைத்தே கொடுங்கள் என்றார் டாக்டர். நான் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றினேன். ஒரு நாள் விட்டு, வாடை போகும்வரை மோட்டாரை ஓட்டினேன். பிறகு ஒரு பாட்டில் தண்ணீரை மேகலா அக்காவின் ஆய்வகத்திலேயே பரிசோதனைக்குக் கொடுத்தேன். கிருமி இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. அதைக் கேமரா முன்னால் காட்டி, "நம்ம கிணற்றை நாமே சுத்தம் செய்யலாம்" என்று வீடியோ போட்டேன். மேகலா அக்காவின் எந்த வீடியோவையும்விட அதை அதிகம் பேர் பார்த்தார்கள். வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான் அப்படி நடந்தது.

ரிப்போர்ட் வந்ததால் கொதிக்க வைப்பதை நிறுத்தினோம். ஐந்தாம் நாள் பாப்பாவுக்கு மறுபடி போனது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்து, அந்தச் சின்னக் கையில் ஊசி குத்தி, டிரிப்ஸ் ஏற்றிப் படுக்க வைத்தார்கள். அம்மா என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மேகலா அக்காவுக்குப் போன் செய்துவிட்டார்.

வந்தவர் கிணற்றுப் பக்கமே போகவில்லை. நேராகச் சமையலறைக்கு வந்து, "பாப்பாவுக்கு எந்த டம்ளர்லீங்க தண்ணி குடுப்பீங்க?" என்றார். அம்மா எடுத்துக் காட்டினார். "அந்த டம்ளர்ல இருந்து பொறகால நடப்பமுங்க" என்றார். டம்ளரிலிருந்து குடம், குடத்திலிருந்து குழாய், குழாயிலிருந்து மேல் தொட்டி, தொட்டியிலிருந்து கிணற்றுக்குப் போகும் பைப்பு என்று வந்த வழியிலேயே திரும்பி நடந்தார். நாங்கள் எல்லோரும் கிணற்றிலிருந்துதான் நடப்போம்; பாதி வழியில் நின்றுவிடுவோம்.

"ரிப்போர்ட்டுல சுத்தம்னு வந்திருக்குதே, அம்மிணி" என்றார் அம்மா.

மேகலா அக்கா அதை வாங்கிப் பார்த்தார். "கையெழுத்து நான் போட்டதுதானுங்க. பாட்டில எந்தக் குழாயில புடிச்சீங்க?"

எனக்கு அந்தக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "எப்பவும் புடிக்கிற குழாயிலதானுங்க்கா. கொட்டகைக் குழாயில."

எங்கள் பக்கம் பண்ணை வைத்திருக்கிறவர்களுக்கு இது புரியும். கோழிகள் குடிக்கும் தண்ணீரை மாதாமாதம் பரிசோதனைக்கு அனுப்புவோம். பாட்டில் கையில் வந்தாலே கால் கொட்டகைக்குத்தான் போகும். கொட்டகைத் தொட்டியில் குளோரின் சொட்டுச் சொட்டாகக் கலக்கிறது. வீட்டுக்கு வரும் பைப்பில் அது கிடையாது. டீயில் மருந்து நாற்றம் அடிக்கிறதென்று அம்மா எப்போதோ தனி லைன் போடச் சொல்லிவிட்டார். கோழிக்குச் சுத்தமான தண்ணீரைக் கொடுத்து, அதன் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு பாப்பாவுக்கு வேறு தண்ணீரைக் கொடுத்திருக்கிறேன்.

"கோழியெல்லாம் சௌக்கியமா இருக்குதுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"அதுக்கென்ன குறைச்சல். ராசாவாட்டம் இருக்குதுக" என்றார் அம்மா.

"இருக்கும். நல்ல தண்ணி குடிக்குதுகள்ல."

அம்மாவே சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டு லைன் கோழி எருக் குவியலை ஒட்டிப் போகும் இடத்தில் மண் ஈரமாக இருந்தது. தோண்டினால், டிராக்டர் ஏறி பைப்பு விரிசல் விட்டிருந்தது. "மோட்டார் ஓடுறப்ப தண்ணி வெளிய கசியும். நிறுத்தினா வெளிய நிக்கிறத உள்ள இழுத்துக்கும். நீ கிணத்துக்கு எத்தன மருந்து போட்டு என்ன, தம்பி" என்றார். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

பைப்பை மாற்றினோம், எருக் குவியலைத் தள்ளிப் போட்டோம், தொட்டியைக் கழுவினோம். மருந்துத் தண்ணீரை வீட்டின் ஒவ்வொரு குழாயிலும் வரவைத்து, ஒரு இரவு நிறுத்தி வைத்து, மறுநாள் எல்லாவற்றையும் திறந்துவிட்டோம். ஒரு வாரம் கழித்து, கொதிக்க வைத்த தண்ணீரையே குடித்துக்கொண்டு, சமையலறைக் குழாயில் பிடித்த பாட்டிலைக் கொடுத்தேன். ரிப்போர்ட் சுத்தமாக வந்தது. பாப்பா தேறிவிட்டாள். அம்மா இன்றுவரை எங்கள் தண்ணீரை "மேகலா தண்ணி" என்றுதான் சொல்கிறார். பள்ளம் தோண்டியது நான்.

அன்று ஸ்கூட்டரில் ஏறும்போது அக்கா கேட்டார்: "அந்த வீடியோவ என்ன பண்ணப் போற?"

"பாக்குறேங்க்கா."

"மேல ஒரு வரி போட்டுரு. பாட்டில் கொட்டகைக் குழாயில புடிச்சதுன்னு. உன்னப் பாத்து இன்னொருத்தர் அதே மாதிரி புடிச்சுக் குடுத்துட்டு, நம்பிக் குடிச்சிட்டிருப்பாங்க."

போடவில்லை. அவரை நான் முந்தியது அந்த ஒரு வீடியோவில்தான்.

அவர் என்னைத் தோலுரித்து ஒரு வீடியோ போடுவார் என்று தினமும் எதிர்பார்த்தேன். நானாக இருந்தால் போட்டிருப்பேன். அவரும் ஒன்று போட்டார். அதில் என் பெயர் இல்லை, ஊர் இல்லை. "நான் ஒரு தப்புப் பண்ணிட்டேனுங்க. எந்தக் குழாயில புடிச்சதுன்னு கேக்காமயே ஒரு ரிப்போர்ட்டுல கையெழுத்துப் போட்டுட்டேன். ஒரு கொழந்த ஆஸ்பத்திரி வரைக்கும் போயிருச்சு. இனி குழாய் பேர எழுதாத பாட்டில வாங்கமாட்டேன்" என்றார். நீங்கள் எல்லோரும் பார்த்த வீடியோதான் அது. தன் தப்பைத் தானே சொல்கிற மனசு யாருக்கு வரும் என்று கீழே வரிசையாக எழுதினீர்கள். ஒவ்வொன்றையும் படித்தேன். தப்பு என்னுடையது, பேர் அவருக்கா என்று அதற்கும் பொறாமைப்பட்டேன்.

இன்று காலை என் வீடியோவை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நடந்ததைச் சொல்லி வேறொன்று போட்டிருக்கிறேன். என்னைப் பார்த்துப் பரிசோதனைக்குக் கொடுத்தவர்கள், தயவுசெய்து நீங்கள் குடிக்கிற குழாயில் பிடித்து மறுபடி கொடுங்கள். அதுவரை கொதிக்க வைத்துக் குடியுங்கள்.

அக்காவிடமிருந்து எடப்பாடிக்காரருக்கு ஒரு சுவர் நிறைய எழுத்து கிடைத்திருக்கிறது. உங்களில் பலருக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கிறது. எனக்கு அந்தத் தப்பு இருக்கிறது. இத்தனை மாதம் அவர் அதைத் தன்னுடையது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அது என்னுடையது. அதை நான் வைத்துக்கொள்கிறேன்.