பதருக்குக் காரணம் தேடியவர்

திருவள்ளூர் ரயில் நிலையத்தில் மின்சார ரயிலுக்காக நின்றுகொண்டிருந்தபோது தேவராஜிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் சுகந்தியின் அண்ணன், கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பாலைத் தொழிலாளி. ஷிப்டில் இருந்தபோதுதான் அவருக்கே செய்தி போயிருக்கிறது. “பாப்பா பூட்டா சார்” என்றார். தங்கையை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்குப் பின்னால் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

மரபியலாளர் டாக்டர் சுகந்தியை உங்களில் பலர் அறிவீர்கள். அவருக்கு அடுத்த அறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். அவருடைய ஆராய்ச்சியெல்லாம் நெற்பூவைப் பற்றியது. அந்தப் பூ காலையில் சிறிது நேரம்தான் திறக்கும். அந்த நேரத்தில் வெயில் கடுமையாக இருந்தால் மகரந்தம் செத்துவிடும். பயிர் பச்சையாகவே நிற்கும். கதிரைக் கசக்கினால் வெறும் பதர். “நாம சாப்பிடுற சோறு அந்தக் கொஞ்ச நேரத்துல முடிவாயிடுது சார்” என்பார். வெயில் ஏறுவதற்கு முன்பே பூக்கும் ஒரு காட்டு நெல்லை நாட்டு நெல்லோடு கலந்து, விடியலில் பூக்கும் பயிரை உண்டாக்க முயன்றுகொண்டிருந்தார்.

அந்தப் பயிரை முதலில் நட்டது கவரைப்பேட்டையைத் தாண்டி ஒரு கிராமத்தில், குத்தகைக்கு எடுத்த கழனியில். கோடையில் நடும் அந்தச் சொர்ணவாரிப் பட்டத்தில் வெயில் கொளுத்தியது. சுற்றிலும் எல்லாக் கழனியும் பதராகப் போனது. சுகந்தியின் துண்டு நிலத்தில் மட்டும் பாதிக்கு மேல் மணி பிடித்திருந்தது. ஊருக்கு அது சந்தேகத்தைக் கொடுத்தது. பக்கத்துக் கழனிக்காரர் முனிரத்தினம் பத்துப் பேரோடு வரப்பில் வந்து நின்றார்.

“உன் பூவு காத்துல வந்து என் நெல்லக் கெடுத்துச்சா இல்லியா? அத்த மட்டும் சொல்லும்மா.”

நுண்ணோக்கியைக் கழனிக்கே கொண்டுவரச் செய்தார் சுகந்தி. நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே கருவுறும் என்றும், வெயில்தான் காரணம் என்றும் பொறுமையாகச் சொன்னார். யாரும் குனிந்து பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், இவள் அம்மா இதே கழனியில் நாற்று நட்டவள்தானே, இவள் நமக்குச் சொல்ல வந்துவிட்டாளா என்றார். சுகந்தியின் முகம் மாறவில்லை. கண்ணாடித் தகட்டைத் துடைத்து மறுபடி நுண்ணோக்கியின் அடியில் வைத்தார்.

மறுநாள் சுகந்தியும் தேவராஜும் நானும் போனபோது, ஊரார் அவிழ்த்துவிட்ட மாடுகள் கழனியில் மேய்ந்துகொண்டிருந்தன. சேற்றில் மிதிபட்ட கதிர்களில் தேறியவற்றைச் சுகந்தி பொறுக்கினார். ஒரு கைப்பைகூட நிறையவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று தேவராஜ் கொதித்தார். “வேணாண்ணா. அவங்களுக்கு ஒரு வருஷச் சாப்பாடு போயிருக்கு” என்றார் சுகந்தி. வேனில் ஏறிய பிறகுதான் அழுதார்.

அந்தக் கைப்பிடி விதையிலிருந்து மறுபடி தொடங்கினார். பல பட்டங்கள் கழித்து, ரகமாக வெளியிடலாம் என்ற நிலைக்குப் பயிர் வந்தது. வெளியீட்டுக் குழு ஏறக்குறைய ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தக் கோடையில் இரவுகளும் புழுங்கின. விடியலில் பூத்த பூக்களிலும் மகரந்தம் செத்துக் கிடந்தது. அதை அவரைத் தவிர யாரும் பார்க்கவில்லை. குழுவின் முன் எழுந்து, இந்த ரகத்தை வெளியிட வேண்டாம் என்று அவரே சொன்னார். ஒரு பட்டத்து முடிவுக்காக இத்தனை வருஷ வேலையைத் தூக்கிப் போடுவதா என்று தலைவர் கடிந்துகொண்டார்.

“நல்ல வருஷத்த மட்டும் காட்டிட்டு நாம போயிடலாம் சார். கெட்ட வருஷத்துல கழனிக்காரங்க எங்க போவாங்க?”

அதோடு திட்டம் நிறுத்தப்பட்டது. பதவி உயர்வும் அவரைத் தாண்டிப் போனது. சோதனைக் கழனி இருந்த இடத்தில் இன்று ஒரு கிடங்கு நிற்கிறது.

ஆனால் அவர் கேள்வி நிற்கவில்லை. முன்பெல்லாம் அறுவடைக்குப் பின் பதரை எடைபோட்டுவிட்டு வெயில் என்று எழுதி முடிப்போம். மகரந்தம் உருவாகும்போதா, மகரந்தப்பை வெடிக்கும்போதா, சூல்முடியில் விழுந்த பிறகா, எந்த இடத்தில் கருவுறுதல் நின்றது என்று பூக்கும்போதே பார்க்கச் சொன்னவர் அவர். இன்று எங்கள் துறையில் வேறு விதமாக யாரும் செய்வதில்லை. புதிய ரகங்களை உண்டாக்க அவருடைய நெல்லைத் தாய்ப்பயிராகக் கேட்டு வெளிநாட்டு ஆய்வகங்களும் எழுதுகின்றன.

கடைசியாக அவரைப் பார்த்தது தேவராஜின் வீட்டில். புற்றுநோய் உடம்பைத் தின்றுவிட்டிருந்தது. வேறொரு குழு அவர் நெல்லிலிருந்து ஒரு ரகத்தை வெளியிடப் போகிறது என்று சொன்னேன். மகிழ்வார் என்று நினைத்தேன்.

“ராத்திரிச் சூட்டுல வச்சுப் பாத்தாங்களா?”

இல்லை என்றேன். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.  

அடக்கம் முடிந்த வாரத்தில், அந்த ரகத்தைப் பற்றி வெளியீட்டுக் குழு என் கருத்தைக் கேட்டது. சுகந்தி தன் அறிக்கைகளில் தோல்வியை ஒருபோதும் கடைசிப் பக்கத்தில் ஒளித்ததில்லை. அவரிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது அந்தப் பழக்கம்தான். இரவு வெப்பத்தில் இந்த ரகம் சோதிக்கப்படவில்லை என்று முதல் வரியாக எழுதிக் கையெழுத்திட்டேன். அப்படியும் ரகத்தை வெளியிட்டுவிட்டார்கள். இந்தப் பட்டத்தில் அது கழனிகளில் நிற்கிறது. இன்னும் பூக்கவில்லை.