கடலைப் பொட்டலத்தில் வந்த அரைக் குழாய்

அட்டுவம்பட்டிப் பழைய பேப்பர் கடையில் இன்று அந்தப் புத்தகத்தைத் திறந்ததும் பூண்டு வாசம் அடித்தது. புகையிலை பிடிக்கும் குழாய் செய்யும் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றின் பழைய விலைப்பட்டியல். நடுவே ஒரு தாள் பாதி கிழிந்திருந்தது. சின்ன வயதில் பெருமாள்மலையில், இப்போது இல்லாமல் போன சின்னத்தாயி அக்கா கடையில், பூண்டு மூட்டைக்கும் மழைச்சாரலுக்கும் நடுவே நின்று, பங்களாவிலிருந்து பழைய பேப்பராக எடைக்கு வந்த வழவழத் தாளில்தான் கடலை வேண்டுமென்று அடம்பிடிப்பேன்.

"ஏலே, கடலை திங்க வந்தியா, காயிதம் திங்க வந்தியா?"

"படம் போட்டதுல மடிங்கக்கா!"

அப்படி வந்ததுதான் புகையிலை அடைக்கும் செர்ரி நிறக் கிண்ணம் மட்டும் தெரியும் அரைக் குழாயின் படம். வாயில் வைக்கும் அதன் காம்பு இருக்கும் மறுபாதியைத் தேடித்தான் இத்தனை வருடமாக இந்தப் பட்டியல்களைச் சேர்க்கிறேன். புத்தகத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எண்ணெய்க் கறை படிந்த என் பாதித் தாளை அந்தக் கிழிசலோடு சேர்த்து வைத்தேன். கிண்ணத்தில் காம்பு போய் ஒட்டிக்கொண்டது.