அம்மாவுக்குத் தனி வாசல்

வீடு கட்டப் போகிறோம் என்று சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எனக்கு வாச எந்தப் பக்கம் வெக்கப் போறீங்க?" என்பதுதான். எத்தனை அறை, எப்போது ஆரம்பிக்கிறோம், மனை எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "மொதல்ல அஸ்திவாரத்துக்கு வானம் தோண்ட வுடும்மா" என்றேன்.

அம்மா அப்போது குருவிநத்தத்தில் அண்ணன் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் தனியாக இருந்தாள். அண்ணிக்கும் அவளுக்கும் ஆகாது. யார் மேல் தப்பு என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது; இரண்டு பேருக்கும் வாய் நீளம். ஆயுள் முழுக்க நாற்று நட்டும் கரும்புக்குச் சோகை உரித்தும் தேய்ந்துபோன முட்டிகளோடு, மழையில் ஒழுகுகிற அந்தக் கொட்டகையில் அவள் கிடந்ததை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வில்லியனூர் பக்கம் நாங்கள் மனை வாங்கியதே பாதி அவளுக்காகத்தான். என் வீட்டுக்காரருக்கும் அதில் முழுச் சம்மதம்.

அம்மாவுக்குத்தான் இல்லை. எங்கள் பக்கத்தில் மகள் வீட்டில் தாய் நாலு நாள் உறவாடிவிட்டு வரலாம், பிரசவத்துக்குத் துணை இருக்கலாம். மகன் இருக்கும்போது மகள் வீட்டிலேயே தங்கிவிட்டால் ஊர் பேசும். அங்கேயே உயிர் போய், மருமகன் வாசலிலிருந்து பாடை கிளம்பினால் அந்தப் பேச்சு மகன் தலையில் விடியும். "பொண்ணு வூட்ல ஒக்காந்து துன்னு, அங்கயே செத்தான்னு என் புள்ளைக்குக் கெட்ட பேரு வரக் கூடாது" என்பாள். அண்ணன் அவளைக் கொட்டகையில் வைத்திருந்ததில் வராத கெட்ட பேர் இதில் எப்படி வரும் என்று நான் கேட்டால், "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, வாய மூடு" என்பாள்.

வீடு கட்டும் பேச்சு எடுப்பதற்கு முன்பே, கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு ஒத்துக்கொண்டிருந்தாள். தனி அறை, தனி அடுப்பு, தெருவைப் பார்த்துத் தனி வாசல். அப்படி இருந்தால் அது மகள் வீடு ஆகாது, பக்கத்து வீடு.

நான் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். ஊரார் வீட்டு பிளான் எத்தனையோ என் மேஜையைத் தாண்டிப் போயிருக்கிறது. ஆனால் அம்மாவுக்காகப் போட்ட பிளான் அளவுக்கு எதையும் நான் உற்றுப் பார்த்ததில்லை. இன்ஜினியர் பையன் கெட்டிக்காரன். கழிவறையில் கைப்பிடி, வாசலில் படிக்குப் பதில் சாய்தளம், கட்டில் பக்கத்தில் சுவிட்ச் எல்லாம் அவனே யோசித்து வைத்திருந்தான். அடுப்பங்கரை அலமாரி எந்த உயரத்தில் வரணும் என்று பார்க்க அம்மாவைச் சுவரோரம் நிற்க வைத்து, கையைத் தூக்கச் சொல்லி, டேப்பால் அளந்தான். "இன்னாடி இது, போலீசு வேலைக்கு ஆள் எடுக்குற மாரி அளக்குறான்?" என்று அம்மா சிரித்தாள்.

பிளானில் அவன் எங்கள் கூடத்துக்கும் அவள் அறைக்கும் நடுவில் ஒரு கதவு போட்டிருந்தான். அதை விரலால் காட்டி நான் சொன்னதும் அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நடுவுல கதவு வெச்சா அது ஒரே வூடு. நான் வரல."

"நீ கீழ விழுந்து கெடந்தா எனக்கு எப்பிடிம்மா தெரியும்?"

"கத்துறன். காது கேக்குது இல்ல ஒனக்கு?"

என்னோடு சேர்ந்து இருக்க உனக்கு அவ்வளவு கேவலமாகவா இருக்கிறது என்று கத்திவிட்டேன். இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டு டேப்பைச் சுருட்டினான். என் வீட்டுக்காரர்தான், "விடு, அவங்க சொல்ற மாரியே கட்டிடலாம். வர்றாங்களே, அது போதும்" என்று முடித்து வைத்தார். இன்ஜினியர் கதவை அடித்துவிட்டு அந்த இடத்தில் முழுச் சுவர் வரைந்தான்.

பால் காய்ச்சிய அன்று அவள் பக்கத்துக்கான அடுப்பை அண்ணன்தான் வாங்கி வர வேண்டும் என்று பிடிவாதமாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அவனும் கொண்டு வந்தான். மகன் வாங்கிய அடுப்பில் பால் பொங்கியதும் அவள் முகத்தில் ஒரு நிம்மதி. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. கட்டிடம் முழுக்க நாங்கள் கட்டினோம், பேர் என்னவோ அடுப்புக்கு.

இரண்டு வருஷம் இருந்தாள். எங்கள் வீட்டுக்கு வரவேண்டும் என்றால் தன் கதவைச் சாத்தி, தெருவில் இறங்கி, எங்கள் வாசலுக்கு வந்து பெல் அடிப்பாள். "வாங்க, வாங்க, எந்தூரு?" என்று நான் கேலி செய்வேன். "குருவிநத்தம். பொண்ணப் பாக்க வந்தன்" என்பாள். உட்கார்ந்து டீ குடிப்பாள், சாப்பிடமாட்டாள். அவள் கருவாட்டுக் குழம்பு வைத்தால் வாசனை முதலில் வரும், பின்னால் கிண்ணம் வரும். அந்த இரண்டு வருஷத்தில்தான் எனக்கு என் அம்மாவை நன்றாகத் தெரிந்தது என்று இப்போது தோன்றுகிறது. கொட்டகையில் இருந்தபோது அவள் பேச்சில் இருந்த கசப்பு மெல்லக் குறைந்திருந்தது. வாசலில் கனகாம்பரம் வைத்தாள். பக்கத்து வீட்டுக்காரிகளோடு சண்டை போடும் அளவுக்குச் சினேகம் ஆனாள்.

பிறகு சிறுநீரகம் கெட்டுப்போனது. பெரிய ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் வைத்திருந்துவிட்டு, இனி வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அதன் அர்த்தம் எல்லோருக்கும் புரிந்தது. அவள் கட்டிலுக்குக் கொண்டு வந்து படுக்க வைத்த மறுநாள் காலையில் அண்ணனும் எங்கள் தாய்மாமனும் வந்தார்கள்.

"இனிமே இங்க வெச்சிருக்கக் கூடாதும்மா. மவன் வூட்டுக்குத் தூக்கினு போயிடுவோம்" என்றார் மாமா.

நான் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அவள் வாழ்நாளெல்லாம் சொன்னது இதைத்தானே? அவளோடு எத்தனையோ விஷயத்தில் மல்லுக்கு நின்றவள், இதில் மட்டுமாவது அவள் மனசுப்படி நடக்கட்டும் என்று நினைத்தேன். அவள் புடவைகளை நானே மடித்துப் பையில் வைத்தேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்து எழுப்பாமல் விட்டேன். எழுப்பிக் கேட்டிருக்கலாம்.

ஆம்புலன்ஸ் கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் கண்ணைத் திறந்தாள்.

"ஏன்டி, என் வூட்ட வுட்டு எங்கடி என்னத் தூக்கினு போறீங்க?"

என் வூடு என்றாள்.

"அண்ணன் வூட்டுக்கும்மா."

"எதுக்கு?"

"ரெண்டு நாள் இருந்துட்டு வந்துடலாம்மா" என்றேன்.

"பால்காரன் வருவான்டி. பாத்தரம் வெளிய வெக்கல" என்றாள். பாகூர் தாண்டும்வரை அதையே முணுமுணுத்துக்கொண்டு வந்தாள்.

அண்ணன் வீட்டுக் கூடத்தில் கட்டில் போட்டிருந்தார்கள். அண்ணியைக் குறை சொல்லக் கூடாது. பீ மூத்திரம் அள்ளினாள், முகம் சுளிக்கவில்லை. நான் லீவு போட்டுவிட்டுத் தினமும் காலையில் போய் மாலைவரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அம்மாவுக்கு நினைவு திரும்பும்போதெல்லாம் ஒன்றையே கேட்டாள். "எப்ப வூட்டுக்குப் போவறது? எப்ப போவறது?" நாளைக்கு என்றேன். மறுநாளும் கேட்டாள். மறுநாளும் நாளைக்கு என்றேன்.

ஐந்தாம் நாள் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டேன். "அம்மா அங்க போவணும்னு கேக்குதுண்ணா. கூட்டினு போயிடட்டுமா?"

"இன்னா பேசுற நீ? சாவுற நேரத்துல பெத்தவள வண்டியேத்தி அனுப்பினான்னு ஊரு என் மூஞ்சில துப்பாதா?" அவன் கண் கலங்கிவிட்டது. "கொட்டாயில போட்டு வெச்சதுக்கே இன்னும் பேசறானுங்க. இதயாவது செய்ய வுடு."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அலுவலகத்தில் யாராக இருந்தாலும் மூஞ்சிக்கு நேராகப் பேசுகிற நான், அன்று பேசாமல் திரும்பி வந்து அம்மா பக்கத்தில் உட்கார்ந்தேன். நாளைக்கும்மா என்றேன். ஒன்பது நாளும் அதையே சொன்னேன். பத்தாம் நாள் அவள் எதையும் கேட்கவில்லை. மதியம் உயிர் போய்விட்டது.

எல்லாம் முறைப்படி நடந்தது. அண்ணன் கொள்ளி வைத்தான். ஊர் ஒரு குறையும் சொல்லவில்லை. கருமாதி அன்று பந்தியில் எனக்குப் பக்கத்தில் பெரியம்மா உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் பிசைந்துகொண்டே, "குடுத்து வெச்சவடி ஒங்கம்மா. அங்க இங்க கெடந்து சாவாம, சொந்த வூட்ல, மவன் கையால தண்ணி வாங்கிக் குடிச்சிட்டுப் போனா" என்றாள்.

"அவ வூடு வில்லியனூர்ல இருக்குது பெரியம்மா" என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "அங்க கூட்டினு போன்னு ஒன்பது நாளும் கேட்டா. நாந்தான் கூட்டினு போவல."

பரிமாறிக்கொண்டிருந்த அண்ணன் சாம்பார் வாளியைத் தரையில் வைத்துவிட்டுத் தோட்டத்துப் பக்கம் போனான். அவன் முதுகு குலுங்கியதைப் பார்த்தேன். எழுந்து அவனிடம் போகவும் முடியவில்லை, இலையில் கை வைக்கவும் முடியவில்லை. இதே வார்த்தையை அந்த ஐந்தாம் நாளே சொல்லியிருந்தால் அண்ணனுக்கும் எனக்கும் ஒரு சண்டை வந்திருக்கும், அவ்வளவுதான்; அம்மா அவள் வீட்டுக்குப் போயிருப்பாள்.